மேற்குச் சுவருக்கு ஒரு கார்க் சட்டை

ஸ்டோர் கீப்பர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சாமானின் பெயரும் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டால், அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலம் எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் இறாலைக் குளிர் அறையில் வைத்துப் பாதுகாக்கும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். (வீட்டில் 'இன்ஜினியர் மாதிரி' என்று சொல்லி வைத்திருந்தேன். வெளியே சொல்லும்போது 'மாதிரி'யை அம்மா விட்டுவிடுவாள்.)

அப்போது எனக்குப் பெண் பார்த்தார்கள். ஆரம்பாக்கத்தில் நெல் போடும் குடும்பம். போனோம், பஜ்ஜி சாப்பிட்டோம், பெண்ணைப் பார்த்தேன். திரும்பும்போது ரயிலில் அம்மா பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. கட்டினால் இவளைத்தான், இல்லையென்றால் சாமியாராகப் போய்விடுவது என்று எளாவூர் ஸ்டேஷன் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். வாட்டசாட்டமான ஆள். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. எங்கள் கூடத்தின் மேற்குச் சுவர் தெருவைப் பார்த்தது. பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் வட்டியோடு எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும். மனிதர் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தார். தோள் துண்டைக் கையில் எடுத்துப் பிழிந்தார்.

"ஊடா இது, சூளையா? பையனப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லமா. ஆனா எம் பொண்ணு இதுக்குள்ள வெந்து பூடும். பொன்னேரில ஒரு எடத்துல கேட்டுக்கினு கீறாங்க. மாடி வெச்ச ஊடு. யோசிக்கணும்."

எனக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று எழுந்து, "பத்து நாள் டைம் குடுங்க மாமா. அடுத்த தபா நீங்க வரும்போது இந்த ஊடு ஜில்லுனு இருக்கும்" என்றேன். (மாமா என்று கூப்பிட யாரும் எனக்கு உரிமை கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.)

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாக்கலாம் நைனா" என்று போனார்.

என் திட்டம் இதுதான். எங்கள் கம்பெனியில் குளிர் அறையின் சுவர் முழுக்கக் கார்க் பலகை ஒட்டியிருப்பார்கள். பாட்டில் மூடிக்குப் போடுகிற அதே கார்க்தான். பலகையாக அழுத்திச் செய்தது. தாரைக் காய்ச்சி, பலகையில் தடவி, சுவரில் அப்புவார்கள். உள்ளே இருக்கும் குளிரை வெளியே விடாத பலகை, வெளியே இருக்கும் வெயிலை மட்டும் உள்ளே விட்டுவிடுமா? ஆக, என் வீட்டு மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் அதை ஒட்டிவிட்டால் தீர்ந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், இந்த யோசனையில் ஒரு தப்பும் கிடையாது.

மானேஜரைக் கேட்டு, மிஞ்சிக் கிடந்த பலகைகளை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தேன். தார்தான் இல்லை. பக்கத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கெஞ்சி நாலு டின் வாங்கினேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் கம்பெனி மேஸ்திரி கோவிந்தசாமி என்னைத் தேடி வந்தார்.

"சார், இது ரோட்டுத் தாரு. நம்ம ரூம்ல போட்டது வேற சரக்கு, கெட்டித் தாரு. இது வெயிலு பட்டா எளகிப் பூடும். மேல கோழிவலை அடிச்சி சிமெண்டு பூசுனீங்கன்னா நிக்கும்."

அந்தக் காலத்தில் சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் என் கைக்கு வருவதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பொன்னேரியில் சீமந்தமே முடிந்திருக்கும்.

"ரோடு மட்டும் இன்னா நெழல்லயா கெடக்குது மேஸ்திரி? அது எங்கியாவது எளகி ஓடிப் பூட்டுதா?" என்று மடக்கினேன்.

"ரோடு படுத்துக்கினு கீது சார். செவுரு நின்னுக்கினு இல்ல கீது!"

படிக்காத ஆள், இவருக்கு என்ன தெரியும் என்று சிரித்தேன். (நான் எஸ்.எஸ்.எல்.சி. அதுவும் இரண்டாவது தடவை.)

ஒட்டி முடித்தபோது சொன்ன தேதிக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம். தலைமுடி, காது, அம்மாவின் தோசைத் திருப்பி, எல்லாவற்றிலும் தார். அம்மா தெருவில் நின்று சுவரைப் பார்த்தாள். "நல்ல காரியம் பேசற ஊட்ல செவுத்த இப்பிடிக் கருப்பாவா வெப்பாங்க? கருமம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. உள்ளே தார் இருப்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

மறுநாள் பெண்ணின் அப்பா தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. காபி கொடுத்தோம், சூடாகவே குடித்தார்.

"பரவால்லியே! நெசமாவே ஜில்லுனு கீதே. இன்னா பண்ண நைனா?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு எழுதுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. நான் அவரைத் தெருவுக்கு அழைத்துப் போனேன். எதிரே ரைஸ் மில்லுக்குப் பின்னால் வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது. சுவரை ஒட்டி பெஞ்சைப் போட்டேன்.

"நல்லா சாஞ்சி ஒக்காருங்க மாமா" என்றேன்.

சாய்ந்தார். நான் எதிரில் நின்று வெப்பம் எப்படிச் சுவருக்குள் வருகிறது, கார்க் அதை எப்படித் தடுக்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன். நடுவில்தான் கவனித்தேன். அவர் தலைக்கு மேலே இருந்த பலகை நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. சுண்ணாம்பு விரிசல் விட்டு, அதன் வழியாகக் கருப்பாக ஒரு கோடு அவர் தோளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதனால் இன்னும் சத்தமாக விளக்கினேன்.

"சரி நைனா, ரயிலுக்கு நாழியாவுது" என்று அவர் எழுந்தார். எழவில்லை. மறுபடியும் எம்பினார். பெஞ்சுதான் நகர்ந்தது. கையைப் பின்னால் விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணு குடுத்தாத்தான் உடுவியா?"

ஒரு கையை நானும் மறு கையை மச்சானும் பிடித்து இழுத்தோம். 'பச்சக்' என்று ஒரு சத்தம். அவர் வந்தார், பலகையும் முதுகோடு வந்தது. நடுத்தெருவில் ஆமை எழுந்து நிற்பது மாதிரி நின்றார். அதற்காகவே காத்திருந்த மாதிரி மற்ற பலகைகளும் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. ரைஸ் மில் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

சட்டையைக் கத்தரித்துத்தான் பலகையைக் கழற்ற முடிந்தது. மல் துணி என்பதால் தார் முதுகு வரைக்கும் போயிருந்தது. அவரைப் பின்கட்டில் முக்காலியில் உட்கார வைத்து, தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்தேன். "அய்யய்யோ எரியுதே! மெதுவா நைனா! பேஜாரா பூச்சே!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு, பொன்னேரிக்காரன் கொடுத்து வைத்தவன் என்று நான் அழாத குறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"சம்பந்தி, ஊடு ஜில்லுனு இருந்தா போதும்னு சொன்னீங்க. இருந்துதா இல்லியா?"

"இருந்துதுமா, இருந்துது!"

"அப்ப தட்ட மாத்திக்கலாமா?"

"ஆவட்டும்மா! மொதல்ல இந்த முதுகப் பாருங்கமா!"

அம்மா உள்ளே ஓடினாள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டோடு தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது. அவர் கையெல்லாம் தார் என்பதால் மச்சான் வாங்கிக்கொண்டார். என் லுங்கியையும் சட்டையையும் போட்டுக்கொண்டு மாமனார் கடைசி ரயிலுக்குப் போனார்.

ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்பே கோவிந்தசாமி மேஸ்திரி அதே பலகைகளைக் கெட்டித் தாரில் ஒட்டி, கோழிவலை அடித்து, பெர்மிட் சிமெண்டும் பூசிக் கொடுத்தார். சுவர் இன்றுவரை அசையவில்லை. ஆனால் ஆரம்பாக்கத்து உறவுக்காரர்கள் ஒருவர்கூட எங்கள் வீட்டில் சுவரில் சாய மாட்டார்கள். என் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூடக் கூடத்தின் நடுவில், பரீட்சை எழுதுவது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு மட்டும் மனதில் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அந்த அறுபதாம் கல்யாணத்தன்றே மாமனாரிடம் கேட்டுவிட்டேன். "மாமா, நெஜமா சொல்லுங்க. அன்னிக்கு மனசாரத்தான் சம்மதம் சொன்னீங்களா?"

தொண்ணூறை நெருங்கிய மனிதர், யோசிக்கவே இல்லை.

"முதுகு எரிஞ்சிக்கினு இருந்துது நைனா. எங்க ஊட்டு கறவை மாட்ட கேட்டிருந்தா அதியும்தான் குடுத்திருப்பேன்."

மாலையும் கழுத்துமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பெருமூச்சு விட்டாள்.

"உங்கம்மா அந்த மாட்டையே கேட்டிருக்கலாம்."