வேலை கிடைத்துவிடும் குறைபாடு

லிங்கராஜபுரம் சமுதாயக் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு வேலை கிடைத்துவிடுகிறது என்ற விஷயம் கூட்டமைப்பின் மேலான கவனத்துக்கு வந்து, அதன்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்ட வரலாறு இது.

கூட்டமைப்பு என்பது பெங்களூரிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள சமுதாயக் கல்லூரிகளுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் அலுவலகம். சமுதாயக் கல்லூரி என்பது, பெரிய கல்லூரிகள் வாசலோடு திருப்பி அனுப்பிய பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் ஒரு தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். லிங்கராஜபுரத்தில் அது சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். அங்கே ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் சொல்லிக்கொடுத்தவர் காக்ஸ் டவுன் ரெமிஜியஸ். ஒப்பந்த ஆசிரியர். ஒப்பந்தம் வருஷாவருஷம் ஜூன் மாதம் புதுப்பிக்கப்படும் என்பதால், ஜூனில் மட்டும் அவர் தினமும் சர்ச்சில் பூசைக்கு வருவதைப் பங்குச் சாமியாரே கவனித்திருக்கிறார்.

வகுப்பு ஜனவரியில் தொடங்கும். மார்ச் பிறந்தால் பெங்களூரில் வெயில் ஆரம்பம். ஒரு காலத்தில் மின்விசிறியே வேண்டாம் என்று பெருமை அடித்துக்கொண்ட ஊர் இப்போது மார்ச் முதல் வாரத்திலேயே ஏசிக்காரனுக்கு ஃபோன் மேல் ஃபோன் போடுகிறது. கடைக்காரர்களுக்கு ஆள் போதாது. அதனால் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. மார்ச் முதல் சனிக்கிழமை, சர்வீஸ் கடை ஜெயராமன் ஒரு செத்துப்போன விண்டோ ஏசியைக் குட்ஸ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கல்லூரி முற்றத்தில் இறக்குவார். பின்னாலேயே மற்றக் கடைக்காரர்களும் வருவார்கள். பெண் பார்க்கும் சடங்குதான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் கிடையாது. எந்தப் பிள்ளை அதிலிருந்து குளிர்ந்த காற்றை வரவழைக்கிறதோ, அது யாராவது ஒரு கடைக்காரரின் பைக்கில் பின்னால் ஏறிப் போய்விடும். மார்ச் முடிவதற்குள் வகுப்பில் ரெமிஜியஸும் கரும்பலகையும்தான் மிச்சம். காலி பெஞ்சுகளைப் பார்த்து அவர் பூரித்துப்போவார். பாவம், விவரம் தெரியாத மனுஷர்.

விவரம் தெரிந்தவர் ஒரு ஏப்ரல் மாதம் வந்தார். பெயர் அஷ்வின். கூட்டமைப்பின் செயல்திறன் அளவீட்டுப் பிரிவு. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் இரண்டு டிகிரி வாங்கிய களைப்பு.

"ஸ்டூடண்ட்ஸ் எங்க சார்?"

"வேலைக்குப் போயிட்டாங்க சார்," என்றார் ரெமிஜியஸ் பெருமையாக.

"அதாவது, டிராப் அவுட்."

"இல்ல சார், வேலை. மாசச் சம்பளம்."

"கோர்ஸ முடிச்சாங்களா?"

"முடிக்கறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க சார். அவ்வளவு டிமாண்டு."

அஷ்வின் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். திரையில் கூட்டமைப்பின் எல்லாக் கிளைகளும் வரிசையாகப் பச்சை நிறத்தில் இருந்தன. கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது. அது லிங்கராஜபுரம். முடிப்பு விகிதம்: பூஜ்யம்.

"மத்த கிளையெல்லாம் நூறு பர்சன்ட் சார். ஒருத்தர் கூட நடுவுல போகல."

"அங்க என்ன சார் சொல்லித் தர்றாங்க?"

"ஆளுமை வளர்ச்சி. தலைமைப் பண்பு. ஒரு கிளையில கைகுலுக்கறதுக்கே தனி சர்டிபிகேட் இருக்கு."

"படிச்சு முடிச்சுட்டு பசங்க என்ன பண்றாங்க?"

"முடிக்கறாங்க."

"முடிச்சுட்டு?"

"சார், நாங்க அளக்கறது முடிப்பு விகிதம். முடிச்சதுக்கு அப்புறம் நடக்கறது அவங்க வாழ்க்கை. அது எங்க ஸ்கோப்ல வராது."

முதல்வர் சோஃபியா மேடம் இருவரையும் உட்காரவைத்து டீ வரவழைத்தார். டீயோடு கூட்டமைப்பின் முடிவும் வந்தது. இந்த வருஷம் மன்னிப்பு. அடுத்த வருஷம் ஜூனில் தரவரிசையில் எந்தக் கிளை கடைசியோ, அந்தக் கிளையின் வகுப்பு மூடப்படும், ஆசிரியரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மற்ற எல்லாக் கிளைகளும் நூறில் இருப்பதால், தொண்ணூற்றொன்பது எடுத்தாலும் லிங்கராஜபுரம்தான் கடைசி. ஆகவே ஒரு மாணவருக்குக்கூட வேலை கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பெரும் பொறுப்பு ரெமிஜியஸின் தலையில் இறங்கியது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. இந்த வயதில் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்? அவரிடம் படித்தவர்களுக்கு ஊரெல்லாம் கடை இருந்தது, ஆனால் சிஷ்யன் கடையில் போய் ஸ்பேனர் பிடிப்பதற்கு அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. பயந்துபோனார். பயந்த மனிதனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும் என்பதை அடுத்த ஜனவரியில் நிரூபித்தார்.

"மேடம், கேட்டைப் பூட்டி பிரயோஜனம் இல்ல. ஜெயராமன் சுவர் ஏறிக் குதிச்சாவது வருவாரு. பசங்களுக்கு வேலை தெரிஞ்சாத்தானே கூட்டிட்டுப் போவாரு?"

சோஃபியா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா?"

"ஜூன் வரைக்கும் வேலை தெரியாம பாத்துக்கறேன்."

அந்த வாக்கியத்தை மேடம் 'கோட்பாட்டை முதன்மைப்படுத்தும் புதிய பாடத்திட்டம்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப, கூட்டமைப்பு அன்றைக்கே ஒப்புதல் அளித்தது.

பாடத்திட்டம் அருமையாக நடந்தது. ஜனவரியில் பனிக்கட்டியின் வரலாறு. பிப்ரவரியில் குளிர்ச்சியின் தத்துவம். கம்ப்ரசரைக் கலர் பென்சிலால் வரைந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பெரிய திரையில், நான்கு கோணங்களில், தொடாமல் பார்த்தார்கள். ஒரு பையன் கைதூக்கி, "சார், நிஜ ஏசி எப்ப தொடுவோம்?" என்று கேட்டதற்கு, அவசரப்படுவது ஆளுமைக் குறைபாடு என்று விளக்கப்பட்டது.

ஆனால் ரெமிஜியஸுக்குக் கை அரித்தது. இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த கை. மாலையில் எல்லோரும் போன பிறகு, துடைக்கிறேன் என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பைத் திறந்து பழைய மெஷின்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். மர்பி டவுனிலிருந்து வரும் ரூபினி மட்டும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நிற்பாள். பிறகு உள்ளே வந்து டார்ச் பிடித்தாள். பிறகு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தாள். ஒரு நாள் பார்த்தால் ஸ்பேனர் அவள் கையில் இருந்தது, டார்ச் அவர் கையில் இருந்தது. தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அன்றன்று அவர் சந்தோஷமாக இருந்த நேரம்.

"எங்கம்மா மூணு வீட்டுல சமைக்கறாங்க சார்," என்றாள் ஒரு முறை. "முட்டி வீங்கிப் போச்சு. எனக்கு வேலை கிடைச்சா ரெண்டு வீட்டையாவது விட்டுடச் சொல்லுவேன்."

ரெமிஜியஸ் டார்ச்சைச் சரியாகப் பிடித்தார்.

மார்ச் முதல் சனிக்கிழமை ஜெயராமன் மற்றக் கடைக்காரர்களோடு வந்தார். செத்த ஏசியை முற்றத்தில் இறக்கினார். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவன் அதைப் பார்த்ததும் குளிரூட்டலின் இலக்கணத்தைச் சொன்னான். இன்னொருவன் பனிக்கட்டி வியாபாரம் எந்த நூற்றாண்டில் கப்பல் ஏறியது என்று விளக்கினான். மூன்றாமவன் ஏசியின் முன்புறத்தை அழகாக வரைந்தே கொடுத்துவிட்டான்.

"என்ன மாஸ்டர் இது?" என்றார் ஜெயராமன். "பசங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"புது சிலபஸ்."

"சும்னே, வெறும் பேச்சா பேசிட்டே நிக்கறாங்களே, யாராச்சும் திறந்து பாப்பீங்களாப்பா?"

எல்லோரும் பின்வாங்கினார்கள். ரூபினி முன்னால் வந்தாள். கவரைக் கழற்றினாள், கெபாசிட்டரைத் தொட்டுப் பார்த்தாள், ஒர்க்‌ஷாப்புக்குள் ஓடிப்போய் வேறொன்று எடுத்து வந்து மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஏசி ஒரு செருமு செருமிவிட்டு ஓடியது. குளிர்ந்த காற்று ஜெயராமனின் முகத்தில் அடித்தது.

அவர் முகம் மலர்ந்தது. "மாஸ்டர், இந்தப் பொண்ணு நாளைக்கே வரட்டும். சம்பளம், பெட்ரோல், மதியச் சாப்பாடு. வீட்டுல பொம்பளைங்க மட்டும் இருக்கற இடத்துக்கு அனுப்ப எனக்கு ஒரு பொண்ணு கிடைக்காதான்னு ரெண்டு வருஷமா தேடறேன்."

ரூபினி ரெமிஜியஸைப் பார்த்தாள். முற்றத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த நேரத்தில் அஷ்வினின் டேப்லெட் திரையும் அதில் இருந்த ஒற்றைச் சிவப்பும்தான் கண்முன் வந்தன.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். "அது லூஸ் கனெக்‌ஷன். தானா ஓடிடுச்சு."

"நான் கெபாசிட்டர் மாத்தினேன் சார். நீங்க பாத்தீங்க."

"பதட்டத்துல ஏதோ நோண்டினா. நம்பி அனுப்பினா யார் வீட்டையாவது கொளுத்திடுவா ஜெயராமன். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

ஜெயராமன் ரெமிஜியஸின் பேச்சை என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷமும் அவர் மாணவர்களைப் பைக்கில் ஏற்றிப் போனார். அதே நம்பிக்கையில் இப்போது ரூபினியை விட்டுவிட்டு, ஓடுகிற ஏசியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். மற்றக் கடைக்காரர்களும் அவர் பின்னாலேயே கலைந்தார்கள். ரூபினி அழவில்லை. கழற்றிய ஸ்க்ரூக்களில் மீந்ததைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ரெமிஜியஸுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் அருவருப்பை அளக்கும் கட்டம் அஷ்வினின் டேப்லெட்டில் இல்லை.

ஜூன் வந்தது. லிங்கராஜபுரம் நூறு சதவீதம். எல்லாப் பிள்ளைகளும் முடித்தார்கள், எல்லோருக்கும் சான்றிதழ். மழை தொடங்கி ஏசி சீசன் முடிந்துவிட்டதால் எந்தக் கடைக்காரரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. அஷ்வின் வேர்த்து விறுவிறுத்து வந்து அதை விளக்கினார்.

"எல்லாக் கிளையும் நூறு மேடம். எல்லாருமே முதலிடம்."

"சந்தோஷம்தானே?"

"எல்லாருமே கடைசி இடமும் மேடம். விதிப்படி பாத்தா மொத்தக் கூட்டமைப்பையும் மூடணும். என்னையும் சேத்து."

தானும் மூடப்படும் என்று தெரிந்த பிறகு கூட்டமைப்பு மின்னல் வேகத்தில் கூடியது. சமநிலையை உடைக்க ஒரு புதிய அளவுகோல் உருவானது. பெயர் தக்கவைப்பு. படிப்பை முடித்த பிறகும் எத்தனை மாணவர்கள் கல்லூரியை விட்டுப் பிரிய மனமில்லாமல் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே அது. கைகுலுக்கப் படித்தவர்களாவது கல்யாண மண்டபங்களில் விருந்தினரை வரவேற்கப் போயிருந்தார்கள். லிங்கராஜபுரத்துப் பிள்ளைகளுக்குப் போக ஓர் இடமும் இல்லை. தினமும் காலையில் வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபினியும் வந்தாள். இப்படியாக லிங்கராஜபுரம் சமுதாயக் கல்லூரி முதலிடத்தைத் தட்டிச் சென்றது.

கேடயம் வந்தது. சால்வை வந்தது. மேம்பாலத்துக்குக் கீழே, 'நூறு சதவீதம்' என்று சோஃபியா மேடத்தின் படத்தோடு பேனர் வந்தது. ரெமிஜியஸின் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. முதலிடம் என்றால் ஒரு மாணவருக்காவது வேலை கிடைத்திருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அஷ்வினுக்குத் தோன்றவே, ரூபினியைக் கல்லூரியிலேயே தக்கவைப்பு அலுவலராக நியமித்தார்கள். மேஜை, நாற்காலி, கழுத்தில் அட்டை. யாரும் வேலைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சம்பளம் ஜெயராமன் சொன்னதில் பாதி. அவள் அம்மா காந்தா ஒரு வீட்டை மட்டும் விட்டாள்.

அடுத்த சேர்க்கைக்கு சர்ச் வாசலைத் தாண்டி வரிசை நின்றது. ரூபினி பெயர் எழுதிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ரெமிஜியஸ் உட்கார்ந்திருந்தார். வரிசையில் நகர்ந்து நகர்ந்து ஒருவர் மேஜைக்கு வந்தார். ஜெயராமன். தோளில் கைபோட்டு ஒரு பையனை அழைத்து வந்திருந்தார்.

"மாஸ்டர், எம்பையன் தினேஷ். ஏசி கோர்ஸ்ல ஒரு சீட்டு வேணும்."

ரெமிஜியஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கடையிலேயே கத்துக்கலாமே ஜெயராமன். என்னைவிட நல்லா சொல்லித் தருவீங்க."

"கடைக்கு ஏது மாஸ்டர் ரேங்க்?"

"போன வருஷம் இங்க படிச்சவங்க ஒருத்தரையும் நீங்க வேலைக்கு எடுக்கல."

"எப்படி எடுக்கறது? ஒண்ணும் தெரியலையே அதுங்களுக்கு. எடுத்தா என் கடை போயிடும்." ஜெயராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேலைக்கு எடுக்கறது வேற மாஸ்டர். இது பையனோட எதிர்காலம்."

ரூபினி நிமிர்ந்து பார்த்தாள். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அட்டை மாட்டியவர்களின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்மா?" என்று அவளிடமே கேட்டார்.

"எனக்கு இது கிடைச்சுது," என்றாள் ரூபினி. "ஒரு நாற்காலிதான் இருக்கு. நான் எழுந்தா இன்னொருத்தருக்கு."

ஜெயராமன் மேஜையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அவளுடைய அழுக்குப் படாத கையைப் பார்த்தார். முகத்தில் மரியாதை வந்தது. "போதும்மா. எழுதிக்கோ," என்றார். பணத்தைக் கட்டிவிட்டு நகர்ந்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து ரெமிஜியஸின் காதருகே குனிந்தார்.

"மாஸ்டர், ஒரே ஒரு விஷயம். நடுவுல எவனாவது கடைக்காரன் வந்து வேலைக்குக் கூப்பிட்டா, பையனை அனுப்பிடாதீங்க."

"அந்தக் கவலையே வேணாம்," என்றார் ரெமிஜியஸ். இத்தனை வருஷத்தில் ஒரு தகப்பனுக்கு அவர் நூறு சதவீதம் நிச்சயமாகக் கொடுக்க முடிந்த வாக்கு அது ஒன்றுதான்.