எல்லாப் புத்தகமும் சம்பந்தி எழுதியதாகிவிட்டது குறித்து

மந்தாரக்குப்பம்,
புதன்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அருண்பிரசாத் அவர்களுக்கு, மாமனார் பன்னீர்செல்வம் எழுதுவது. தாங்களும் என் மகள் தமிழ்நிலாவும் சௌக்கியமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் அத்தை நலம். போனில் சொன்னால் நிலா காதில் விழும், விழுந்தால் அழுவாள் என்பதால் தங்கள் ஆபீஸ் மெயிலுக்கு எழுதுகிறேன். படித்ததும் அழித்துவிடவும்.

பொங்கலுக்கு வந்தபோது மின்புத்தகங்களை அடுக்கிவைக்க என் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தீர்களே, அதைப் பற்றித்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர், தலைப்பு என்று விவரம் இருக்கும், அதைப் பார்த்து ஃபைலுக்கு அதுவே பேர் வைத்துக்கொள்ளும், அந்த ஏற்பாட்டுக்குப் பேர் டெம்ப்ளேட் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நெய்வேலி மைன்ஸ் ஸ்டோர்ஸில் போல்ட்டு நட்டுக்கெல்லாம் சீட்டு ஒட்டியே ரிட்டயர் ஆனவன், எனக்கா புரியாது என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டியிருக்கக் கூடாதுங்க.

போன வாரம் உங்க அப்பா, என் சம்பந்தி செந்தில்நாதன் அவர்கள், நெல்லிக்குப்பத்துலேருந்து பஸ் ஏறி வந்தாரு. சர்க்கரை ஆலையில வேலை பார்த்த தன் வாழ்க்கையை ‘கரும்புச் சாறும் கண்ணீர்த் துளியும்’னு புத்தகமா எழுதி பென்டிரைவ்ல கொண்ணாந்திருந்தாரு. டைப் அடிச்ச கடையில கம்ப்யூட்டர் புட்டுக்கிச்சாம், இருக்கறது இது ஒண்ணுதானாம். “ஸ்டோர்ஸ் பார்த்தவரு, உங்ககிட்ட இருந்தா லாக்கர்ல இருக்கிற மாதிரி சம்பந்தி”ன்னு என் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டு, பேரப் பசங்க போட்டோ போடணும்னு பென்டிரைவைத் துடைச்சு வாங்கிக்கினு போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை எங்க பழைய குவார்ட்டர்ஸ் பிளாக் வாசகர் வட்டத்துல வெளியீட்டு விழா. ரெண்டு பக்கத்துச் சொந்தமும் வருது.

நான் பண்ணது இதுதான். என்கிட்ட எத்தினி புத்தகம் இருக்குதுன்னு சம்பந்திகிட்ட பெருமை அடிக்க, எல்லாத்தையும் செலக்ட் பண்ணிக் காட்டினேன். அவரு போன பிற்பாடும் அது அப்படியே இருந்திருக்குது, நான் கவனிக்கல. நான் பாட்டுக்கு ஆசிரியர்னு இருந்த எடத்துல அவரு பேரு, தலைப்புல தலைப்பு, அட்டைக்கு அவரு கைகட்டி நிக்கிற போட்டோன்னு ஒவ்வொண்ணா ரொப்பிக்கினே வந்தேன். கடைசியில ‘எல்லாத்துக்கும் இதையே போடலாமா?’ன்னு ஒரு கட்டம் வந்துச்சு. ஆமாம்னு ஒரு பட்டன், இல்லைன்னு ஒரு பட்டன். சம்பந்தி பேரு எழுதிக்கிது, எப்படிங்க ‘இல்லை’ன்னு அமுக்கறது? மரியாதையா ‘ஆமாம்’ அமுக்கினேன். டெம்ப்ளேட்டு அதும் வேலையைப் பார்த்துடுச்சு. ஐநூத்துச் சொச்சம் புத்தகம் மாப்பிள்ளை, அத்தினியும் இப்ப உங்க அப்பா எழுதினது. அத்தினி அட்டையிலயும் கைகட்டி நிக்கிறாரு.

அது தெரியாம நான், ‘விழாவுக்கு முன்னாடியே படிச்சு மகிழுங்கள்’னு மொத்த ஃபோல்டரையும் வட்டத்து வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேன். ஆளுக்குக் கையில அகப்பட்டதை எடுத்துக்கினாங்க. முதல்ல மலர்விழி டீச்சர் வந்தாங்க. “சார், கர்ப்பிணிங்க எப்படிப் படுக்கணும்ங்கறதை உங்க சம்பந்தி எவ்ளோ அக்கறையா எழுதியிருக்காரு!”ன்னாங்க. அப்பத்தான் கம்ப்யூட்டரைத் தொறந்து பார்த்துட்டு, குரூப்புல போட்டதை அவசரமா அழிச்சேன். அப்புறம் பொற்கொடி, ஈரல் வறுவல் செஞ்சு பார்த்தேன், பிரமாதம்னு மெசேஜ். மாசப் பூசம் தவறாம வடலூர் வள்ளலார் சபைக்குப் போறவருங்க உங்க அப்பா, முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டாரு! இது பத்தாதுன்னு கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அய்யாசாமி, நம்பரைத் தேடிப் பிடிச்சு உங்க அப்பாவுக்கே போன் போட்டு, “அந்த விஷம் வைக்கிற கட்டம் இருக்குதே, ஒரே மூச்சுல படிச்சேன் சார்”னு சொல்லியிருக்கான். அவனுக்குக் கிடைச்சது கொலைக் கதை. நல்லவேளை, கரும்புக்குப் பூச்சிமருந்து அடிச்ச அத்தியாயத்தைத்தான் சொல்றான்னு உங்க அப்பா நெனச்சுக்கினாரு. “சம்பந்தி, ஜனங்க படிக்கிறாங்க சம்பந்தி!”ன்னு போன்ல தழுதழுத்தாரு. பூச்சிமருந்துக்கு ஒரு வழி இருந்துச்சு, ஈரலுக்கு என்னாங்க வழி?

அன்னிலேருந்து ஒவ்வொண்ணாத் தொறந்து பார்த்துக்கினே இருக்கேன். தொறந்தா ஜோசியம், தொறந்தா சர்க்கரை வியாதி, தொறந்தா கோழி வளர்ப்பு. சம்பந்தியைக் காணோம். உங்க அத்தை வள்ளியம்மாள், “ஒரு மனுசன் நம்பிக் குடுத்த ஒரே பொருளை இப்படித் தொலைச்சுட்டு நிக்கிறீங்களே”ன்னு தட்டை டங்குனு வெக்கிறா. ஞாயித்துக்கிழமை விஷயம் வெளிய வந்தா என்னை யாரு என்னா சொன்னாலும் வாங்கிக்குவேன். ஆனா உங்க வூட்டுல என் பொண்ணு இல்ல பேச்சு கேக்கணும்? அதை நெனச்சாத்தான் நெஞ்சு அடிச்சுக்குது. சனிக்கிழமையே லீவு போட்டுட்டு வந்து அந்தப் புத்தகத்தை எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

தங்களுக்கும் நிலாவுக்கும் எங்கள் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். தங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தை, இப்போதைக்கு, சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
பன்னீர்செல்வம்.

பின்குறிப்பு: அனுப்பறதுக்கு முன்னாடி இன்னும் நாலைத் தொறந்து பார்ப்போம்னு பார்த்தேன். கிடைச்சுடுச்சு! சாமி கும்பிட்டுட்டு உக்காந்து படிச்சேன். பதினோராம் அத்தியாயம், ‘நெய்வேலி சம்பந்தம்’. முகூர்த்த நேரத்துல பொண்ணோட அப்பா வாயைத் தொறந்துக்கினு தூங்கினாராம். நைட் ஷிப்டு முடிச்சு நேரா மண்டபத்துக்கு வந்தவன் மாப்பிள்ளை நான்! பாயசம் அடி பிடிச்சிருந்துச்சாம். சீர்ல வந்த கிரைண்டர் மூணாம் நாளே நின்னுபோச்சாம். அது நல்லாத்தான் ஓடிச்சுன்னு உங்களுக்கே தெரியும். படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு; உங்க அத்தை கண்ணு செவந்துடுச்சு. அதனால நீங்க வர வேணாம். ஃபைலை நானே பத்திரமா அழிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை அய்யாசாமி படிச்ச கொலைக் கதையையே வெளியிட்டு உங்க அப்பாவுக்கு சால்வை போத்திடறோம். வந்தவங்க எல்லாரும் அவரை வாயார வாழ்த்திட்டுப் போவட்டும், ஒருத்தரும் அவரைப் படிக்க வேணாம்.