கழுத்துக்கு மேலே மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி விஸ்வநாத்துக்கு, அத்திம்பேர் வெங்கிடராமன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அமெரிக்காவில் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். இருக்காமல் என்ன, அறுபத்தைந்து வயசு பிறந்து, சர்க்கார் வைத்திய இன்ஷூரன்ஸ் மெடிகேர் கிடைக்கப்போகிறதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை உன் அக்கா வந்து சொன்னாள். அப்போது ஏறின கோபம் இன்னும் இறங்கவில்லை. நெஞ்சு, வயிறு, முழங்கால் எல்லாவற்றையும் அந்த ஊர் சர்க்கார் பார்த்துக்கொள்ளுமாம். பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காது மெஷினுக்கும் நீ எடுக்கப்போகும் மெடிகேரில் இடம் இல்லையாம். அதனால் வருஷத்தில் மூன்று மாசம் எங்கள் மாடியில் தங்கி, அதையெல்லாம் கொச்சியில் மலிவாக முடித்துக்கொள்வாயாம். அதாவது கழுத்துக்குக் கீழே அமெரிக்கா, கழுத்துக்கு மேலே மட்டாஞ்சேரி. வரி மட்டும் மொத்த உடம்புக்கும் அங்கேதானே கட்டினாய்?

மாடி சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தன்யா குடியிருக்கிறாள். என் மிளகுக் கம்பெனியில் பென்ஷன் கிடையாது. ரிட்டையரான அன்று ஒரு பொன்னாடையைப் போர்த்தி, கம்பெனி இன்ஷூரன்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி எங்களுக்குச் சொந்தமாகப் பாலிசி எடுக்கவேண்டும். இந்த வயசில் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டாலே மயக்கம் வருகிறது. அதை அந்த வாடகையில்தான் கட்டப்போகிறேன். உன் பல்லுக்காக நாங்கள் இரண்டு பேரும் வைத்தியம் இல்லாமல் சாகவேண்டுமா?

இதையே உன் அக்காவிடம் கேட்டேன். "அவன் என் தம்பியாக்கும். வேறே எங்கே போவான்?" என்றாள். சொன்னதோடு விட்டாளா? இங்கே யூதத் தெருவான ஜூ டவுனில், பழைய சாமான் கடையில் உனக்கு ஒரு கட்டிலைப் பேரம் பேசி, சுமக்க ஆளோடு வந்து நின்றாள். வெள்ளைக்காரனுக்கு விற்க வைத்திருந்த கட்டில். மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தன்யா மேல்படியில் நின்று, "அங்கிளே, ஞான் ஒழியணோ?" என்று கேட்டாள். வீட்டைக் காலி பண்ணணுமா என்கிறாள். இப்போது கட்டிலுக்கு அடியில் குனிந்துதான் ஆபீசுக்குப் போய் வருகிறாள்.

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன், மாடி கிடையாது. பல்லுக்கு அங்கேயே தனிப் பாலிசி வாங்கு. முடியாதென்றால் பல்லில்லாமல் இரு, ரசஞ்சாதத்துக்குப் பல் எதற்கு? உன் அக்கா அழுதால் அழட்டும்.

குலதெய்வம் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். புத்தியை முதலில் தரட்டும்.

இப்படிக்கு,
வெங்கிடராமன்

பி.கு. (சனிக்கிழமை): இதைத் தபாலில் சேர்ப்பதற்குள், பாலிசிக்காரர்கள் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள் என்று நேற்று தேவராவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். இதயத்தில் மூன்று அடைப்பாம். உடனே ஆபரேஷன் செய்யவேண்டுமாம். இனி எவன் பாலிசி தருவான்? உன் அக்காவுக்கு இன்னும் தெரியாது. அவளிடம் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, பயமாக இருக்கிறது. தன்யா கீழே முன்னறைக்கு மாறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். தபாலில் போட்டால் நாளாகும் என்று இதைப் போட்டோ எடுத்து அனுப்புவதும் அவள்தான், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நீ உடனே புறப்பட்டு வா. உன் டாக்டரிடம் நான் கூட வருகிறேன், என் டாக்டரிடம் நீ கூட வா. அக்கா கேட்டால், இரண்டு பேருக்கும் பல்தான்.