இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பிரேக்

நுணுகி வாசிப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் உயர்ந்த எண்ணம் இருந்தது. முதுகலைத் தமிழ் மாணவிக்கு அது இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதங்களையும் அவள் வாசித்திருக்க வேண்டும்.

கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் அப்பா, ஒருநாள் ஓர் உறையை நீட்டினார். "வண்டிக் கம்பெனில இருந்து என்னமோ லெட்டரு கண்ணு. படிச்சுச் சொல்லு."

"அன்புடைய வாடிக்கையாளருக்கு" என்பது வரை படித்தேன். "விளம்பரம்ப்பா" என்று தீர்ப்பளித்தேன். (அதற்குமேல் படிக்கத் தேவையில்லை என்று கருதுமளவு எனக்கு அனுபவம் இருந்தது: வயது இருபத்திரண்டு.) தாள் நல்ல தடிமன், பின்புறம் வெறுமை. அதில் ஆய்வுக் குறிப்புகளை எழுதி, உரைநூலின் 212ஆம் பக்கத்தில் செருகிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பில் கட்டுரை வாசித்தேன். பாலைத்திணையில் வழியின் ஆபத்து என்பது பொருள். தலைவன் செல்லும் வழியை எண்ணித் தலைவி நடுங்குவதை நடுங்காத குரலில் விளக்கியபடி, குறிப்புத் தாளை உயர்த்திப் பிடித்தேன். முன்வரிசைத் தோழி அதன் மறுபக்கத்தை வாசித்துவிட்டாள்.

"ஏய், உங்க வண்டில முன் பிரேக் லீவர் முறிஞ்சாலும் முறியுமாமா! மாத்தற வரைக்கும் ஓட்டவே வேண்டாம்னு போட்டிருக்குது பாரு."

தாளைத் திருப்பினேன். அன்று காலைதான் அப்பாவும் அம்மாவும் அந்த வண்டியில், சத்தியமங்கலம் வழியாக மலையேறி ஒரு திருமணத்துக்குப் போகக் கிளம்பியிருந்தார்கள்.

"மன்னிக்க வேண்டும் ஐயா, அப்பா மலையேறுகிறார்" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். கைப்பேசியை அம்மா எடுத்தார்.

"புளியம்பட்டி தாண்டிட்டோம் சாமி. என்ன?"

"அம்மா, வண்டியை உடனே நிறுத்தச் சொல்லுங்க. ஆனா முன் பிரேக்கைப் புடிக்கக் கூடாது."

காற்றிரைச்சலுக்கு நடுவே கேட்டது: "ஏனுங்க, புள்ளை பிரேக் புடிக்காம வண்டியை நிறுத்தச் சொல்றா!"

"அப்பறம் காலை ஊனியா நிறுத்தறது? இதையா காலேஜ்ல சொல்லித் தராங்க?"

"பின் பிரேக் மட்டும்" என்று நான்கு முறை கத்தினேன். (என் குரல் அவ்வளவு உயரும் என்பது கல்லூரிக்கும் அன்றுதான் தெரிந்தது.)

வண்டி அப்பா அம்மாவோடு மினி டெம்போவில் ஏறி, சிங்காநல்லூர் சர்வீஸ் சென்டருக்கு வந்தது. நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடிதத்தை இருபுறமும் பொறுமையாகப் படித்தார்.

"'தலைவன் திரும்புவானா என்பது ஐயமே.' ஏனுங்க அம்மணி, இதுவும் கம்பெனிக்காரங்க எழுதுனதுங்களா?"

அப்பா இடி இடியெனச் சிரித்தார். "வண்டி நல்லாத்தானுங்க ஓடுது. புள்ளைதான் பயந்துக்கிச்சு."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். லீவரைக் கழற்றினார். அதன் மூட்டருகே கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். மண்ணெண்ணெயில் சற்று ஊறவிட்டு, துடைத்து, சாக்கட்டியைத் தேய்த்தார். "கொஞ்சம் பொறுங்க" என்றார்.

மூவரும் குனிந்தோம். வெண்மைக்குள்ளிருந்து ஒரு கோடு மெல்லக் கசிந்து வந்தது. தலைமயிரை விட மெல்லியது. யாரும் எழுதாமல் தானே எழுதிக்கொண்ட கோடு.

"இந்த விரிசலைத்தானுங்க மூணு பத்தியில எழுதியிருக்காங்க" என்றார் மெக்கானிக். லீவரின் ஒரு முனையைக் குறட்டில் கவ்வவைத்து அப்பாவைப் பார்த்தார். "வளைவுல புடிப்பீங்கல்ல, அந்த மாதிரி அமுக்குங்கண்ணா."

அப்பா அமுக்கினார். 'டிக்' என்று ஒரு சின்ன ஒலி. பாதி லீவர் அவர் கையோடு வந்துவிட்டது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓடும் வண்டியில் பிடித்துக்கொள்வது போல அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பற்றியிருந்தார் அம்மா. மலைப்பாதையின் வளைவுகளை நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். மெக்கானிக் புது லீவரைப் பூட்டினார். எந்த உரைநூலின் முன்பும் நான் அவ்வளவு பணிவுடன் நின்றதில்லை.

வீடு வரும்வரை யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அப்பா தொடங்கினார், இன்னும் முடிக்கவில்லை. எங்கே கிளம்பினாலும், உறவினர் முன்னிலையில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிடுவார்:

"கண்ணு, பொஸ்தகத்தை ஒருக்கா உதறிப்போடு. போயிட்டு வாரோம்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தபடி உள்ளே போய் உதறுகிறேன். 212ஆம் பக்கத்தை மட்டும் இருமுறை.