உதாரணத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம்

என் அண்ணனுக்கு வாழ்க்கைத்துணையாகவும், பள்ளியில் எனக்கு ஆறு ஆண்டு மூத்த கணித ஆசிரியையாகவும் விளங்கி ஓய்வு பெற்ற அண்ணி அவர்களுக்கு நாத்தனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் நலம் வாரத்துக்கு இரண்டு முறை அண்ணன் வாயிலாகத் தெரியவருகிறது. முழங்கால் வலி இடதிலிருந்து வலதுக்கு மாறியது வரை அறிவேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் அறையில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நான்தான் எழுதினேன்னு சொல்றியே, ஆதாரம் இருக்கா? பிள்ளைங்களுக்கு இத்தனை வருஷமா சரித்திரம் நடத்துறவ, ஆதாரம் இல்லாம பேசலாமா?" என்றீர்கள். மணி அடித்துவிட்டது என்று சொல்லி நான் வகுப்புக்குப் போய்விட்டேன். உண்மையில் மணி அடிக்க இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் பாடத்தை முதலிலிருந்து தொடங்குவது என் வழக்கம். எனக்குத் தலைமையாசிரியை பதவி வர இருந்த வாரத்தில் நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. தட்டச்சு செய்த கடிதம், அடியில் பெயர் கிடையாது. "வரலாற்று ஆசிரியை ஒரே பாடவேளையில் பதினான்கு உதாரணங்கள் சொல்கிறார். ஓர் உதாரணம் புரிவதற்கு இன்னோர் உதாரணம் தேவைப்படுகிறது. பாடம் தொடங்கும்போது மணி அடித்துவிடுகிறது. இவர் தலைமையாசிரியை ஆனால் காலைக் கூட்டம் மாலை வரை நடக்கும்" என்று அதில் இருந்தது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. உதாரணங்களை இவ்வளவு துல்லியமாக எண்ணியவர் கணக்கு டீச்சராகத்தான் இருக்க முடியும் என்று நான் முடிவு கட்டினேன். அதை ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அன்றிலிருந்து நீங்கள் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அண்ணன் செவ்வாயும் சனியும் வருகிறார், கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போகிறார். உள்ளே வாங்கண்ணே என்றால், "உள்ள போக மாட்டேன்னு உங்க அண்ணிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். வெளிய நிக்கிறதைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல" என்கிறார். மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிர்வீட்டுக்காரர் அவரை மின்கணக்கு எடுக்க வந்தவர் என்று நினைத்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளி எழுத்தர் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, "இனிமே இது எங்களுக்குத் தேவைப்படாது டீச்சர்" என்று என் கையில் கொடுத்தார். மற்றவர்கள் பூங்கொத்தோடு வீட்டுக்குப் போவார்கள். நான் இதோடு போனேன்.

போன மாதம் பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். 'எண்ணிம மனிதவியல்: வரவிருக்கும் உரைகளும் பயிலரங்குகளும்' என்று தலைப்பு. நூலகரிடம் அது என்ன என்று கேட்டேன். "பழைய கடிதம், புத்தகம், வரைபடம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் படிக்கிறது மேடம். மாடியில நடக்குது. நாற்காலி நிறைய காலியா இருக்கு" என்றார். கீழே பட்டியலில் மூன்றாவதாக, 'பெயரில்லாத எழுத்தை எழுதியவர் யார்?' என்று ஒரு பயிலரங்கு. படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது.

அண்ணி, நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், பலவற்றில் தூங்கியும் இருக்கிறேன். இது அப்படி இல்லை. நடத்துகிற ஆய்வாளர் குள்ளமான ஒரு பெண். பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடுவார். ஆனால் பாடம் என்று வந்தால் ஒரு சொல் வீணாக்க மாட்டார். "பெரிய பெரிய சொல்லை எல்லாரும் பார்த்துப் பார்த்துப் போடுவாங்க. 'ஆனால்', 'மேலும்', 'என்றாலும்', இதையெல்லாம் யாரும் யோசிச்சுப் போடறதில்ல. அங்கதான் ஆள் மாட்டுவாங்க" என்றார். ஒருவர் எழுதியதில் இந்தச் சின்னச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கணினி எண்ணிப் பார்க்குமாம். பிறகு பெயரில்லாத எழுத்திலும் எண்ணிப் பார்த்து, யாருடையதோடு பொருந்துகிறது என்று சொல்லுமாம். மாறுவேடம் போட்டவன் மீசையை ஒட்டிக்கொள்வான், தும்மலை மாற்ற முடியாது, அதைப் போல. இன்னோர் உதாரணம் கைவசம் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது எது தெரியுமா? "இவர்தான்" என்று அவர் சொல்வதே இல்லை. "இருக்கலாம்" என்கிறார். "இது தீர்ப்பு இல்ல மேடம், ஒரு பக்கம் சாயுது, அவ்வளவுதான்" என்கிறார். முப்பத்து நான்கு ஆண்டு சரித்திரம் நடத்திய நான் ஒரு வகுப்பிலும் 'இருக்கலாம்' என்று சொன்னதில்லை. அந்தப் பெண் ஒரு நாளில் நாற்பது தடவை சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் அவர் மேல் மரியாதை கூடுகிறது.

என் மொட்டைக் கடிதத்தைக் காட்டினேன். சந்தேகத்துக்கு உரியவர்கள் எழுதியதை எல்லாம் கொண்டுவாருங்கள், ஒப்பிட உங்கள் எழுத்தையும் சேருங்கள் என்றார். எதையும் தூக்கிப் போடாத என் குணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் சீட்டுகள் பதினொன்று அகப்பட்டன. 'ஏழு-பி. பின்னங்கள். சத்தம் போட்டால் வெளியே நிறுத்தவும்' என்கிற மாதிரிதான் எல்லாம். தட்டச்சுப் பொறி எழுத்தர் அறையில் இருந்ததால் அவரையும் சேர்த்தேன். அவர் கையெழுத்துப் போட்ட இருபது ஆண்டுச் சுற்றறிக்கைகள் என் அலமாரியில் இருக்கின்றன. "அண்ணியோட எழுத்து ரொம்பக் கம்மியா இருக்கு மேடம், இதை வச்சு ஒண்ணும் சொல்றது கஷ்டம்" என்றார் ஆய்வாளர். என் எழுத்து போதுமா என்று கேட்டேன். "உங்களோடது நாலு பேருக்குப் போதும்" என்றார்.

எல்லாவற்றையும் கணினியில் அடிக்க வேண்டும். "உள்ளது உள்ளபடி அடிங்க. தப்பு இருந்தாலும் தொடாதீங்க" என்று மூன்று முறை சொன்னார், நானும் மூன்று முறை தலையாட்டினேன். ஆனால் மொட்டைக் கடிதத்தை அடிக்க உட்கார்ந்தபோது கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு வாக்கியம் மொட்டையாக நின்றது, 'ஆகவே' போட்டு அடுத்ததோடு சேர்த்தேன். ஓரிடத்தில் குற்றச்சாட்டு வலுவாக இல்லை. படிப்பவருக்கு விளங்க வேண்டுமே என்று அங்கே ஓர் உதாரணம் சேர்த்தேன். என்னைப் பற்றிய புகாருக்கு நானே உதாரணம் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை. வகுப்புக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்த திருப்தியோடு எழுந்தேன்.

கணினி எண்ணி முடித்தது. ஆய்வாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் தேடினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தப் புகாரை உங்களைப் பத்தி நீங்களே எழுதினீங்களா? நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு உங்க பக்கம் சாயுது" என்றார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர், நாற்பது ஆண்டுப் பயணக் குறிப்புகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு டீச்சரம்மா? எங்க டிப்பார்ட்மென்ட்லயும் ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் வேணும்னு தன்னைப் பத்தித் தானே பெட்டிஷன் போட்டார். கிடைச்சுது" என்று ஆறுதல் சொன்னார்.

நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். ஆய்வாளர் கோபப்படவில்லை. திருத்தாமல் பிரதி எடுப்பதுதான் இந்தப் படிப்பிலேயே கடினமான வேலை என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அது கூடுதல் கடினம் என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டாம் முறை கார்டுதான் காவல். ஒவ்வொரு சொல்லாக அவர் வாசிக்க, நான் அடித்தேன். என் விரல் தயங்கினால், "டீச்சரம்மா, சிவப்பு விளக்கு" என்பார். நாலு வரிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

இந்த முறை விடை வந்தது. எழுத்தர், நூற்றுக்கு எண்பத்து நான்கு. நீங்கள், ஆறு. நான், பத்து. அந்தப் பத்து எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

ஆகவே அண்ணி, ஆதாரம் இருக்கா என்றீர்களே, இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை என்பதற்கு. கணக்கு டீச்சர் என்ற ஒரே காரணத்துக்காக எண்ணிக்கையை உங்கள் தலையில் கட்டினேன். எழுத்தருக்கும் எண்ணத் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது ஆண்டு தப்பான விடையை வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்திருக்கிறேன். மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. வரும் வெள்ளிக்கிழமை பயணிகளின் பழைய கடிதங்களை வரைபடத்தில் குறிப்பது பற்றி ஓர் உரை. அதற்கடுத்த வெள்ளி, கையெழுத்தைப் படிக்கக் கணினிக்குப் பழக்குகிற பயிலரங்கு, அதில் கார்டின் குறிப்புகள்தான் பாடம். அதற்கும் அடுத்த வெள்ளி, 'எண்களைக் கண்டு பயப்படாதீர்கள்' என்று ஒரு பயிலரங்கு. வருகிற இருபது பேரும் கவிதை, கதை, வரலாறு என்று படித்தவர்கள், சராசரி என்றாலே வியர்க்கிறவர்கள். சதவீதத்தைப் பொறுமையாக விளக்க யாராவது கிடைப்பார்களா என்று ஆய்வாளர் கேட்டார். என் அண்ணியை விட்டால் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். காலை பத்து மணி, மின்தூக்கி உண்டு, உங்கள் முழங்காலுக்காக விசாரித்து வைத்தேன்.

இரண்டு முழங்காலும் இரட்டையராய் ஒத்துழைத்து உங்களை என் வீட்டுப் படி ஏற்றிவிட வேண்டும் என்ற வேண்டுதலோடு முடிக்கிறேன். அண்ணனுக்குத் தனியாக எதுவும் எழுதவில்லை. இதைக் கொண்டுவந்து தருவதே அவர்தான்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் போடும்போது அண்ணன் வந்தார். சந்தோஷம் தாங்காமல் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தர்தான் எழுதியிருக்கிறார், சுற்றறிக்கைகளோடு அப்படியே பொருந்துகிறது என்றேன். அண்ணன் சிரித்தார். "அந்த மனுஷனுக்கு லீவு லெட்டரே நாலு வரி சேர்ந்தாப்ல எழுத வராதும்மா. பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை பூரா உங்க அண்ணிதானே எழுதிக் குடுத்தா. ஞாயித்துக்கிழமை ஆனா காகிதத்தைத் தூக்கிட்டு வந்துடுவாரு. இவ எழுதுவா, அவர் கொண்டுபோய் டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக்குவாரு. ஏன், உனக்குத் தெரியாதா?" என்றார். முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

வெளியே நிறுத்திப் பேசக்கூடிய விஷயமாக அது இல்லாததால் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்திருக்கிறேன். வாக்குத் தவறிய முகத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

மேலே கேட்ட மன்னிப்பைக் கோடு போட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கார்டு வாசிக்க ஒவ்வொரு சொல்லாக அந்தக் கடிதத்தை அடித்தவள் நான். அதில் ஒரு சொல் அதிகமில்லை, ஒரு பொய் இல்லை. பதினான்கு என்பதுதான் பிழை. அன்று நான் சொன்னவை பதினாறு. மன்னிப்பு அப்படியே இருக்கட்டும். எதற்கு என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், அண்ணனை ஒன்பது வருஷம் வெயிலில் நிறுத்தி வைத்ததற்கு. எண்பத்து நான்கு என்பது தீர்ப்பு இல்லை, சாய்வுதான், அதையும் அறிவேன். எப்படி இருந்தாலும் மூன்றாவது வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தே ஆக வேண்டும். இவ்வளவு கச்சிதமாக எழுதுகிறவர் சதவீதத்தை எவ்வளவு கச்சிதமாகச் சொல்லிக்கொடுப்பார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

வருவதாக ஒரு வரி பதில் போடுங்கள். இந்த முறை அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள்.