ஏழு சாம்பல் நாரைகள்

ஹைக்கூ எழுத மூன்று வரி போதும். மானம் போகவும் அதே மூன்று வரி போதும். இரண்டையும் ஒரே தாளில் முடித்துக் காட்டியவள் நான். இத்தனை வருஷமாக இதை வெளியில் சொன்னதில்லை. (வீட்டுக்குள் சொல்லாத நாளில்லை, அது வேறு.)

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. மண்டையில் ஏறவில்லை என்று ஊரில் சொன்னார்கள். உண்மையில் டீச்சர் எழுதியதெல்லாம் கரும்பலகையோடு நின்றுவிட்டது, என் இடம் வரைக்கும் வரவில்லை. எனக்குக் கரும்பலகை எப்போதும் துடைத்து வைத்த மாதிரியே இருக்கும். மற்ற பிள்ளைகள் எதைப் பார்த்து இவ்வளவு எழுதுகிறார்கள் என்று ஆச்சரியப்படுவேன். கேட்கக் கூச்சம். கூச்சப்பட்டே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

முகத்துக்கு முன்னால் ஒரு சாண் வரைக்கும் என் கண் துல்லியம். அரிசியில் கல் பொறுக்குவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அதற்கு அப்பால் உள்ள உலகத்தின் மேல் யாரோ மோரை ஊற்றிவிட்ட மாதிரி இருக்கும். இது எங்கள் வீட்டு ரகசியம். எங்கள் பக்கம் அப்போது கண்ணாடி போட்ட பெண் என்றால் டீச்சராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் ஆகாதவளாக இருக்க வேண்டும். அதனால் அம்மா எனக்குக் கண்ணாடிக்குப் பதிலாகப் பயிற்சி கொடுத்தாள். அடுப்படியிலிருந்து வாசல் பதினொரு எட்டு. கண்ணைச் சுருக்கக் கூடாது. எதிரில் எது வந்தாலும் லேசாகச் சிரித்து வைக்க வேண்டும். (நான் மாட்டைப் பார்த்தெல்லாம் சிரித்திருக்கிறேன். மாடு தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.)

அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தொரு வயது. அண்ணனுக்குப் பெரம்பலூரில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. சனிக்கிழமை சாயந்திரம் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவான். வரும்போது அவனும் நண்பர்களும் நடத்திய உருட்டச்சு (சைக்ளோஸ்டைல்) பத்திரிகை ஒன்றைக் கொண்டுவருவான். பதினாறு பக்கம், தொட்டால் மை ஒட்டும், முழுக்க மூன்று வரிக் கவிதைகள். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது, ஹைக்கூ என்று பெயர் என்றான். மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் படித்தேன். இத்தனூண்டுதானே, நாமும் எழுதினால் என்ன என்று தோன்றியது. பெரிய கவிதையாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

பால் கணக்கு எழுதின நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

பக்கத்து வீட்டில்
கடுகு தாளிக்கிறார்கள்
என் தட்டில் பழைய சோறு

இன்னொன்று:

பஸ் போன பின்னும்
புழுதியில் நிற்கிறது
யாரோ சூடியிருந்த மல்லிகை

அண்ணன் படித்துவிட்டுத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். பத்திரிகையை நடத்தியவர் இளங்கோ என்று ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். அடுத்த வாரம் அவரிடமிருந்து எனக்கே ஒரு தபால் கார்டு வந்தது. என் பெயருக்கு வந்த முதல் தபால். அதை மோந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், பார்த்தேன். உள்ளே இப்படி இருந்தது: உங்கள் கவிதைகளில் மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது, கண் எங்கே? ஹைக்கூ என்றால் காட்சி. ஒரு நிறமாவது வரட்டும். நிறத்தோடு ஒன்று அனுப்புங்கள்.

அவர் பாவம், சாதாரணமாகத்தான் எழுதினார். நான் கார்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ பேரிடம் மறைத்த விஷயத்தைப் பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் மூன்று வரியில் கண்டுபிடித்துவிட்டாரே.

நிறம் தேடிக் கொல்லைப்புறக் கதவருகில் மூன்று நாள் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் நிறம் தேடுவதும் லேசில்லை. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு, வேலி, வேப்பமரம் எல்லாவற்றுக்கும் ஒரே பவுடர் பூச்சு. அண்ணியைக் கூப்பிட்டு, “அண்ணி, களத்துல படுத்திருக்கே அந்த ஆடு, அது கறுப்பா செவலையா?” என்று கேட்டேன்.

அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். “மெதுவா பேசு தனம். அது பெரியப்பா.”

அதிலிருந்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நாலாம் நாள் காலையில் கொல்லைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை மேல் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் என்னவோ உட்கார்ந்திருந்தது. எண்ணினேன், ஏழு. மார்கழி பிறந்தால் எங்கள் ஏரிக்கு நாரை வரும். ஊரே சொல்லும். உடனே நோட்டை எடுத்தேன். கண்ணால் பார்த்த கவிதை.

ஏரிக்கரையில்
ஏழு சாம்பல் நாரைகள்
ஒன்றும் பறக்கவில்லை

அண்ணி படித்தாள். நாரை வந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு எட்டிப் பார்க்காமலே மாவு ஆட்டப் போய்விட்டாள்.

பெரம்பலூரில் அதை அட்டையிலேயே போட்டுவிட்டார்கள். கீழே ஏழு நாரைகளின் படம், ஒவ்வொன்றும் ஒற்றைக்காலில். படம் போட்டவர் செல்வராசு, சைன்போர்டு பெயிண்டர். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த கடைகளில் பாதிக்கு அவர்தான் பெயர் எழுதியவர். நிறம்தான் அவருக்குச் சோறு. அவர் அண்ணனிடம், நாரையை இப்படி உற்றுப் பார்த்த கண்ணு யாருடையது என்று விசாரித்திருக்கிறார். தங்கச்சியுடையது என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாரை பார்க்கிற சாக்கில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு ஆகிவிட்டது.

அதாவது, ஒரு மனுஷர் என் கண்ணை நம்பி பஸ் ஏறி வருகிறார்.

அதற்கு முன் வந்த இரண்டு இடமும், பெண் எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறது என்று தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். ஒரு வாரம் தீவிரப் பயிற்சி நடந்தது. காப்பித் தட்டோடு நடந்தேன், திரும்பினேன், கும்பிட்டேன். கண்ணைச் சுருக்கும்போதெல்லாம் அண்ணி இருமுவாள். அந்த வாரம் அண்ணிக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குரலில் சாக்பீஸ் அடித்தது, அவர் வாத்தியார். இன்னொருவர் பேசவே இல்லை. டர்பன்டைன் வாசமும், இடது செருப்பு தரையில் இழுபடுகிற சத்தமும்தான் அவர். காப்பி சிந்தவில்லை. கும்பிடு சரியான பக்கமே விழுந்தது. அண்ணி ஒரு தடவைகூட இருமவில்லை. அம்மா நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்போது வாத்தியார், கவிஞர் எந்த இடத்திலிருந்து பார்த்தாரோ அந்த இடத்திலிருந்தே நாங்களும் பார்க்க வேண்டும் என்றார். கவிஞர் என்றது என்னைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கூச்சம் விட்டுப்போயிற்று. நானே முன்னால் நடந்து கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, அன்றைக்கும் சாம்பல் வரிசை அங்கேயே இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. கவிதையின் அழகில் சொக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். செல்வராசு ஸ்கெட்ச் நோட்டைத் திறந்த சத்தம் கேட்டது, பென்சில் சத்தம் மட்டும் கேட்கவில்லை. எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. பேசாதவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

“பயப்படவே பயப்படாதுங்க. ஆளு கிட்டப் போனாகூட அசையாது. நேத்தெல்லாம் பொழுதன்னிக்கும் இப்படியேதான் ஒக்காந்திருந்துச்சு” என்றேன்.

அண்ணி இருமினாள். நான் கண்ணைச் சுருக்கவே இல்லை, எதற்கு இருமுகிறாள் என்று புரியவில்லை. இன்னும் இரண்டு தடவை இருமினாள்.

வாத்தியார் மெல்லச் சொன்னார். “ஏம்மா, அங்க ஒரு ஆளு நாரையை மடிக்கிறாரே.”

“மடிக்கிறாரா?”

“நாலா மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டாரு. இப்ப ரெண்டாவத ஒதர்றாரு.”

அண்ணன் கையைக் குவித்து, என்னங்க அது என்று கரைப்பக்கம் கத்தினான். அங்கிருந்து பதில் வந்தது. “சிமெண்டு சாக்கு தம்பி. அலசிக் காய வச்சிருக்கேன். வேணுமா?”

தீபாவளிக்கு அப்புறம் புதிதாக வந்த சாக்குக்காரர் அவர். கட்டடம் கட்டுகிற இடங்களில் காலிச் சாக்கை வாங்கி, ஏரியில் அலசி, கரையில் இருந்த முள்செடி மேல் விரித்துக் காய வைப்பாராம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை, எனக்கு அவரே ஒரு நாரையாகத்தான் தெரிந்திருப்பார்.

அம்மா முந்திக்கொண்டாள். பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தி, சாக்கு என்று தெரிந்தேதான் அப்படி எழுதினாள் என்றாள். வாத்தியாருக்கு உயிர் வந்துவிட்டது. அடடா, சிமெண்டுச் சாக்கை நாரையாகப் பார்த்திருக்கிறாள், என்ன ஒரு பார்வை என்று ஆரம்பித்தார். அண்ணன் ஆமாம் ஆமாம் என்றான். நான் பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும். கவிஞர் பட்டமும் கிடைத்திருக்கும், கல்யாணமும் முடிந்திருக்கும்.

செல்வராசு அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். “நீங்க சொல்லுங்க. அது சாக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

கேலியாகக் கேட்கவில்லை. தலையாட்டத்தான் நினைத்தேன். ஆனால் இந்த மனுஷர் இந்தக் கண்ணைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், நாளைக்கு இவர் எழுதுகிற போர்டை எல்லாம் பார்த்து நான் எத்தனை காலத்துக்குச் சிரித்து வைப்பது என்று தோன்றிவிட்டது.

“தெரியாதுங்க. நாரைன்னுதான் நெனச்சேன். இந்தக் கதவுக்கு அப்பால எனக்கு எல்லாமே சாம்பலுதாங்க.”

அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப நான் என்ன நெறத்துல சட்டை போட்டிருக்கேன்?”

அவர் கதவு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நாலு எட்டு தள்ளி நின்றார். பார்த்தேன். இப்போது தாராளமாகக் கண்ணைச் சுருக்கியே பார்த்தேன். “தெரியலீங்க. ஆனா டர்பன்டைன் வாசம் வருது. எடது செருப்புல வாரு பிஞ்சிருக்கு. பஸ்ல கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு வந்திருக்கீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் நோட்டை மூடினார். மீதிக் காப்பியைக் குடித்தார், போயிட்டு வரேன் என்று அம்மாவிடம் சொன்னார். இழுபடுகிற செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் எனக்குக் கேட்டது.

பதினைந்து நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். நானும் நோட்டைத் தொடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அண்ணன் அடுத்த இதழோடு வந்தான். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: சென்ற இதழின் அட்டையில் நாரைகள் என்று வந்ததைச் சிமெண்டுச் சாக்குகள் எனத் திருத்தி வாசிக்கவும். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அதற்குக் கீழே என்னுடைய பழைய இரண்டு கவிதைகள், கடுகும் மல்லிகையும், இருந்தன. இவற்றுக்கு நிறம் வேண்டாம் என்று பெயிண்டரே சொல்லிவிட்டார், அதனால் படம் இல்லை என்றான் அண்ணன். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னான். செல்வராசு வீட்டில் சம்மதமாம். கருவாட்டுக்கூடை சங்கதியைச் சொல்லிச் சொல்லித்தான் அவருடைய அம்மாவைச் சிரிக்க வைத்துச் சரிக்கட்டினாராம். ஒரே நிபந்தனை, தாலி கட்டுவதற்கு முன் பெண் கண்ணாடி போட வேண்டும். கல்யாணத்துக்கு வருகிறவர்களை அவள் பார்க்க வேண்டாமா என்றாராம்.

திருச்சிக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தேன். கண்ணாடி வழியாக நான் முதலில் உற்றுப் பார்த்தது அவர் முகத்தைத்தான். இரண்டு கன்னத்திலும் அம்மை வடு. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (நல்ல வேளை, மறைப்பதில் எங்கள் வீடு மட்டும் கெட்டிக்கார வீடு இல்லை.) ஏரிக்கரையையும் பார்த்தேன். சாக்கு சாக்காகத்தான் இருந்தது. நாரையாக இருந்தபோதுதான் நன்றாக இருந்தது.

கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தேன். எழுதுவதை விடவில்லை. இன்றைக்கும் என் கவிதைகளில் மூக்கும் காதும்தான் அதிகம், கண் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்துபோகும். புரை ஆபரேஷனும் ஆகி, இப்போது எதிர்வீட்டுக் காலண்டரில் தேதி பார்க்கிறேன். அவரை மட்டும் திருத்த முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வெளியே போய்விட்டு வந்தால், வாசலில் நின்று கதவைத் தட்டி, பெயர் சொல்லாமல் நிறத்தைத்தான் சொல்லுவார். “பச்சைச் சட்டை வந்திருக்கேன், கதவத் தொற.” எங்கள் மருமகனும் கற்றுக்கொண்டுவிட்டார், “மஞ்சச் சட்டைங்க அத்தை” என்று பணிவாக நிற்பார். தெருவே சிரிக்கும்.

அவர் தெரு திரும்பும்போதே செருப்புச் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அதை நான் சொன்னதில்லை. உள்ளே தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, அவர் நிறத்தைச் சொல்லி முடிக்கட்டும் என்று நிற்பேன்.