பதினொரு துவாய் வெளுத்த படலம்

வாழி ஸுபைரா! பண்டாரவளைப் பெருந்தெருவில் புடைவைக்கடை நடத்தும் லத்தீப்பின் இல்லக்கிழத்தியே, நுரைக்கடல் நீந்திய நுண்ணிடையே (இடை நுண்ணியதாய் இருந்தது இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, ஆனாலும் காவிய மரபை நாம் மீற முடியாது), கொதிநீருக்குக் கூசாத கோமகளே, கொடிக்கயிறு கட்டிக் கோலோச்சும் குலக்கொழுந்தே, வாழி! எந்தப் புலவரும் ஏடெடுத்துப் பாடாத உன் சனிக்கிழமைப் பெரும்போரை இதோ சொல்லப் புகுகிறோம். கேட்க வந்தவர்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள், தண்ணீர் தெறிக்கும்.

போருக்குக் காரணம் மண்ணுமல்ல, பொன்னுமல்ல, தும்பு. மூன்று மாதத்துக்கு முன்பு, ஸுபைராவின் மகள் றுமைஸாவைத் தங்கள் மகனுக்குக் கேட்டு, பதுளையிலிருந்து ஹாஜியாரும் அவர் மனைவி முஹ்ஸினாவும் உறவு புடைசூழ முதன்முறையாக வந்திறங்கினார்கள். ஆறு பேர் சுற்றியமர்ந்து ஒரே சஹன் தாம்பாளத்தில் கையிட்டு உண்ணும் அவ்வூர்ப் பந்தியில், வீட்டுக்காரரே தண்ணீர்ச் செம்பும் தட்டமும் ஏந்தி வந்து விருந்தாளியின் கை கழுவி, துவாய் நீட்டுவதுதான் முதல் மரியாதை. லத்தீப் தன் கடைப்பெருமை எட்டுத் திக்கும் விளங்கவேண்டி, உறை பிரிக்காத புத்தம்புதுப் பச்சைத் துவாய் ஒன்றைத் தோளில் சாத்தி வந்தார். அந்தோ! அத்துவாய் ஈரத்தை வாங்க மறுத்தது. வாங்க மறுத்ததோடு நில்லாமல், தன் பச்சை நூல்தும்பையெல்லாம் ஹாஜியாரின் விரல்களுக்குத் தானமாகவும் வழங்கியது. புரியாணியில் பச்சை தெரிந்ததைக் கொத்தமல்லி என்று எண்ணி அவர் மூன்று கவளம் உண்டார். நாலாவது கவளம் தொண்டையில் நின்று இருமினார்.

ஹாஜியார் நல்லவர், சிரித்துக்கொண்டேதான் விடைபெற்றார். ஆனால் பதுளைக் கடைவீதிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு குடும்பத்துக்குப் பட்டப்பெயர் வைக்காமல் அதற்குச் சாப்பாடு செரிக்காது. சம்பந்தம் பேசி முடிந்த அதே வாரத்தில், மணப்பெண்ணின் வீட்டுக்குப் பெயரும் சூட்டி முடித்துவிட்டார்கள்: தும்பு வீட்டார். இச்செய்தி பஸ் ஏறி மலை சுற்றிப் பண்டாரவளைக்கு வந்து ஸுபைராவின் காதில் விழுந்த அன்று, அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உண்மையாகவே அழுதாள். நாளைக்கு அந்த ஊரில் வாழப்போவது அவள் பெற்ற பிள்ளை. தெருவில் இறங்கும்போதெல்லாம் 'தும்பு வீட்டுப் பொண்ணு போகுது' என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியதும் அந்தப் பிள்ளைதான்.

கலியாண நாள் குறிக்க ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு ஹாஜியார் குடும்பம் வருவதாகச் செய்தி வந்தது. அதுவே தருணம். அந்த ஒரு பந்தியில் பழைய பெயரை அழிக்காவிட்டால் பிறகு எத்தனை பந்தி வைத்தும் அழியாது. ஸுபைரா அலுமாரிமுன் நின்று, முந்தானை இழுத்துச் செருகி, வீடதிர முழங்கினாள்:

"கடத் துவாய் ஒண்டும் இந்த ஊட்டுப் பந்திக்கி வரப்படாது! என்ட கலியாணத்துத் துவாய்தான் வரும்!"

அலுமாரிக் கதவு திறந்தது. உள்ளே பதினொரு துவாய்கள். ஒரு காலத்தில் அன்னமும் நாணும் வெண்மையோடு பன்னிரண்டாய் வந்தவை. பன்னிரண்டாவது வீரன் லத்தீப்பின் மோட்டார் சைக்கிளைத் துடைக்கும் பணியில் என்றோ கரிந்து மடிந்தான். எஞ்சிய பதினொருவரும் இருபத்தாறு ஆண்டுகள் மழைக்காலச் செம்மண் நீரையும், தலை எண்ணெயையும், பிள்ளைகள் கவிழ்த்த தேத்தண்ணியையும் மார்பில் ஏந்தி ஏந்தி, வெள்ளையுமல்ல மஞ்சளுமல்ல சாம்பலுமல்ல என்னும்படியான ஒரு நிறத்தை எய்தியிருந்தார்கள். தும்பு கொட்டும் வயது அவர்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது, அது ஒன்றுதான் நல்ல செய்தி. முகர்ந்து பார்த்த றுமைஸா, "உம்மா, இது நாய் நனஞ்ச மணம் உம்மா" என்றாள்.

இவ்வேளையில்தான் துணைப்படை வந்தது. பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பதினேழு வருடமாய்ப் பார்த்துக்கொள்பவள் மதலேனா. சனிக்கிழமை தோறும் சாமான் வாங்க டவுனுக்கு வந்து, லத்தீப் கடையில் துணி பார்த்துவிட்டு, பின்கட்டில் ஸுபைராவோடு ஒரு தேத்தண்ணி குடித்துப் போவது அவள் வழக்கம். ஒரு நாளில் அறுபது அணையாடை அலசும் அந்த அழுக்குக்குக் கூற்றுவனானவள், ஒரு துவாயைக் கையில் எடுத்தாள்; தேய்த்தாள்; வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்; பிறகு வைத்தியர் போலப் பெருமூச்சு விட்டாள்.

"இது அழுக்கு இல்லக்கா. கடைசி அலசல்ல ஊத்துறீங்களே அந்த வாசத் தண்ணி, அதும் சவுக்காரமும் சேந்து மெழுகு மாதிரி படிஞ்சிருக்கு. தண்ணி உள்ள போனாத்தானே அழுக்கு வெளிய வரும்? ஊத்தி ஊத்தி நீங்கதான் கெடுத்து வச்சிருக்கீங்க."

ஸுபைரா திடுக்கிட்டாள். ஐயகோ, விருந்தாளி முகம் துடைக்கையில் மணக்கட்டும் என்று ஆசை ஆசையாய்ப் போத்தல் போத்தலாய் ஊற்றியவளே பகைவனுக்குக் கோட்டை கட்டிக் கொடுத்தவளா! ஒரு கணம் தளர்ந்தாள். மறுகணம் வாசத் தண்ணிப் போத்தலை எடுத்துப் பரணில் எறிந்தாள். மூடி சரியாகப் பூட்டவில்லை, பரண் இன்றும் மணக்கிறது.

மதலேனா போர்முறை வகுத்தாள்: சவுக்காரம் ஒரு துளி ஆகாது, சலவைச் சோடா இரண்டு கைப்பிடி, நுரை கிளம்பாத வெறும் கொதிநீர், பொறுமை. பின்வளவில் மூன்று கல் கூட்டி, கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாற்றுச் சுள்ளியை அடுக்கித் தீமூட்டினார்கள். அதன்மேல், அடிப்பிடித்ததால் சமையலிலிருந்து ஓய்வுபெற்றுக் கோழிக்கூண்டின் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பழைய புரியாணிச் சட்டி, மீண்டும் அரியணை ஏறியது. பதினொரு வீரரும் அதனுள் இறங்க, சோடா பொழிய, குமிழிகள் முரசறைய, ஸுபைரா அகப்பைக்காம்பு சுழற்றிக் கிண்டிய கிண்டில் இருபத்தாறு ஆண்டுப் பகை ஆயிரம் கண் விழித்து மேலே வந்தது. பத்து நிமிடத்தில் தண்ணீர் தேத்தண்ணி நிறமானது. அரை மணியில் கோப்பி நிறமானது. பார்த்துக்கொண்டிருந்த றுமைஸா, "இதுலயா நாங்க இவ்வளவு நாளும் மொகம் தொடச்ச?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இனி வருவதுதான் விதியின் கைவரிசை. மதலேனா பஸ்ஸுக்கு நேரமாகிப் புறப்பட, அவளை வழியனுப்ப ஸுபைரா வாசலுக்குப் போன அந்தச் சிறு பொழுதில், லத்தீப் பகல் சாப்பாட்டுக்குப் பின்கதவால் வந்தார். மூன்று நாளாய் அவருக்குத் தடிமன். மூக்கு என்ற உறுப்பு முகத்தில் அழகுக்கு மட்டுமே இருந்தது. அடுப்பைக் கண்டார். சட்டியைக் கண்டார். மூடியைத் தூக்கினார். பழுப்புத் திரவத்தில், மடிந்து மடிந்து, சின்னஞ்சிறு பூப்பூவாய் மேனியெங்கும் மயிர்க்கூச்செறிந்து கொதிக்கும் அந்தப் பொருளைக் கண்ட லத்தீப்பின் கண்கள் கலங்கின.

"அல்ஹம்துலில்லாஹ்! பாபத்!"

பாபத் என்றால் மாட்டுக் குடல் என்று சொல்லி நகர்ந்துவிடுவது அதற்குச் செய்யும் துரோகம். மாட்டின் வயிற்றுச் சவ்வை மணிக்கணக்காய் அவித்துப் பொரித்துக் கறியாக்கினால் பதுளை ஹாஜியார் பத்து மைல் நடந்தும் வருவார். அதுவும் சாட்சாத் துவாய் போலவேதான் இருக்கும். தன் மனைவி, சம்பந்தியின் மனமறிந்து, தனக்கும் சொல்லாமல் இரகசியமாய் இப்பெருவிருந்தைச் சமைக்கிறாள் என்று எண்ணியபோது லத்தீப்புக்கு அவள்மேல் பொங்கிய அன்புக்கு அளவில்லை. இரகசியத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. கிணற்றடியில் நின்ற ரம்பைச் செடியில் மூன்று இலை முறித்து, வாசத்துக்குப் போட்டு, மூடியை மெல்ல மூடி, பகல் சாப்பாட்டையும் மறந்து கடைக்குத் திரும்பி, பதுளைக்குத் தொலைபேசி எடுத்தார். "மச்சான், நாளைக்கி வயித்த காலியா வெச்சிட்டு வாங்கொ. பாபத் ஈக்கி!"

ஒன்றும் அறியாத ஸுபைரா மூன்று முறை கொதிக்கவைத்து, ஏழு முறை அலசி, ரம்பை இலை எங்கிருந்து பறந்து வந்ததோ என்று சலித்து எடுத்தெறிந்து, கடைசி அலசலில் மதலேனா சொன்னபடி இரண்டே சொட்டு நீலம் விட்டுக் கொடியில் விரித்தபோது, கதிரவனே கண் கூசினான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கதிரவன் அங்கில்லை. அப்புத்தளை முகட்டிலிருந்து மூடுபனி இறங்கி, பிற்பகல் மூன்று மணிக்கே பண்டாரவளையை விழுங்கியிருந்தது. அந்தப் பனியில் மூன்று நாள் தொங்கினாலும் துவாய் காயாது, பழைய நாய்மணம்தான் மறுபடி ஏறும். ஸுபைரா கையைப் பிசைந்தாள், துவாவை ஓதினாள், சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்து வளவு ஜஸீலின் பேக்கரி. அங்கே பாண் சுடும் போறணையின் பின்சுவர், மழையோ பனியோ, இரவு பகல் என்று பாராமல் சுடச்சுட இருக்கும்.

"ஜஸீல் தம்பி! உங்கட செவத்துல இண்டைக்கி என்ட மானம் காயப் போகுது!"

மானம் காய்ந்தது. மாலைப் பாண் இறங்குவதற்குள் பதினொரு துவாயும் பஞ்சாய்ப் பொரிந்து, வெந்த மாவின் மெல்லிய மணத்தோடு மடிக்கப்பட்டன. ஸுபைரா ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு பிறந்தது. ஹாஜியார் முஹ்ஸினாவோடும் உறவோடும் வந்தார், ஆறு பேர் சஹனைச் சுற்றி அமர்ந்தார்கள். லத்தீப் செம்பும் தட்டமும் ஏந்தித் தண்ணீர் வார்த்து, தோளிலிருந்து வெண்துவாய் எடுத்து நீட்டினார். கதவுத் திரைக்குப் பின்னால் ஸுபைரா எட்டிப் பார்த்து நின்றாள். ஹாஜியார் துடைத்தார், விரல்களை விரித்தார், புறங்கையும் உள்ளங்கையும் திருப்பித் திருப்பிச் சோதித்தார். ஈரமில்லை. தும்பில்லை. ஒரு நூல்கூட இல்லை.

"மாஷா அல்லாஹ்!" என்றார் சபையறிய. "துவாய்ண்டா இதுதான் துவாய்!"

திரைக்குப் பின்னால் ஒரு சாம்ராச்சியம் மீண்டது. ஆனால் ஹாஜியார் துவாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூக்கருகில் கொண்டுபோனார். இன்னொரு முறை முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ரம்பை வாசம் வருது! எங்க மச்சான் பாபத்?"

லத்தீப் திரையை நோக்கிப் பெருமிதத்தோடு குரல் கொடுத்தார். "புள்ள, பாபத்தக் கொண்டாங்க!"

"எந்தப் பாபத்து?"

"நேத்து பெரிய சட்டில அவிச்சீங்களே!"

இருபத்தாறு ஆண்டுக் குடும்ப வாழ்வின் மொத்தக் களைப்பும் கலந்த குரலில் ஸுபைரா சொன்னாள்:

"அது துவாய்ங்க."

ஹாஜியார் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். பூப்பூவாய், மடிப்பு மடிப்பாய், சாட்சாத் அப்படியேதான் இருந்தது. அவர் தோள் குலுங்கியது, தாடி குலுங்கியது, பிறகு சஹனைச் சுற்றியிருந்த ஆறு பேரும் குலுங்கிக் குலுங்கி, கண்ணீர் துடைக்க அதே துவாயைக் கைமாற்றிக் கைமாற்றி வாங்கினார்கள். லத்தீப்கூட, தான் போட்ட ரம்பை இலையை எண்ணி, சிரித்தே தடிமன் நீங்கப் பெற்றார். இத்தனைக்கும் நடுவில் முஹ்ஸினா எழுந்து திரையை விலக்கி உள்ளே வந்தாள். வந்தவள் ஸுபைராவின் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "மதினி, எங்கட ஊட்டுலயும் ஒரு அலுமாரி நெறய இப்பிடித்தான் கெடக்கு. என்ன போட்டு அவிச்சீங்க?" என்று கேட்டாள்.

ஆகா, அக்கணம்! மகளை வாழவைக்கும் மாமியார் மாணாக்கியாய்க் கைபிடித்து நிற்க, சோடா இரண்டு கைப்பிடி என்றும், சவுக்காரம் கூடவே கூடாது என்றும், வாசத் தண்ணியைக் கனவிலும் தொடாதே என்றும், பிள்ளைக்காம்பரா ஆசான் மதலேனாவின் மறைநூலை மடைதிறந்தாற்போல் மொழிந்து, கலியாணத்துக்கு நாளும் குறித்து, பதினொரு வெண்கொடிகள் மனக்கண்ணில் படபடக்க, பண்டாரவளை தொட்டுப் பதுளை ஈறாக ஊவா மலைநாடெங்கும் தன் குலத்தின்மீது படிந்த தும்பு என்னும் பழிச்சொல்லை வேரோடும் வேரடி மண்ணோடும் துடைத்தெறிந்து வாகை சூடி நின்றாள் ஸுபைரா.

திங்கட்கிழமையிலிருந்து பதுளைக் கடைவீதியில் அவர்களுக்குப் பாபத் வீட்டார் என்று பெயர்.